நவம்பரில லித்துவேனியாச் சேமக்காலைக்கு என்ன கொண்டுபோறது?

கல்லடி_வாசி:
மகள் வில்னியுசில படிக்கிறா. வீட்டுக்காரம்மா ‘வேலினெஸ்’ (மரித்தோர் நாள்) அன்று தங்கட கல்லறைக்கு வரச்சொல்லி இருக்காங்க. பூ, மெழுகுதிரி எப்படிப் பார்த்து வாங்கணும்? நம்மட ஆடி அமாவாசை மாதிரி விரதம், படையல் இருக்கா?

புளியந்தீவான்:
வெட்டின பூ எண்டா இரட்டைப்படையில மட்டும்: 2, 4, 6. ஒற்றைப்படை உயிரோட இருக்கிறவங்களுக்கு. நம்மட மொய்க்கணக்கு மாதிரித்தான், மாறிப்போனா முகம் சுழிப்பாங்க. இதைவிட சாடிச் செவ்வந்தி நல்லம், லேசான உறைபனியைத் தாங்கும்.

மெழுகுதிரி கண்ணாடிக் கூட்டுக்குள்ள, ஓட்டைபோட்ட மூடியோட வர்றதுதான் வேணும். பற்றவைச்சுச் சுவாலை நிமிர்ந்த பிறகு மூடணும். ஈர இலை ஓட்டையை அடைச்சாக் காத்தில்லாம அணைஞ்சிடும். மழைத்தண்ணி இறங்கினாத் திரி படபடவெண்டு பொரியும், பிறகு பத்தாது. மண்ணைத் தட்டி மட்டமாக்கித்தான் வைக்கணும். சரிஞ்சிருந்தாச் சுவாலை ஒரு பக்கமே நக்கி, கண்ணாடி வெடிச்சிடும். பக்கத்தில காஞ்ச சருகு கிடக்கவே கூடாது.

திருக்கோவில்_தம்பி:
அண்ணன் சொன்னதோட இன்னும் கொஞ்சம். நவம்பர் 1 சகல புனிதர், 2 மரித்தோர் நாள். 1ஆம் திகதி முந்தியே லீவு. 2ஆம் திகதியும் 2020இலிருந்து லீவு. கனபேர் 1ஆம் திகதியே போயிடுவாங்க. அதுக்கு முன்னமே இலை வாரி, பழைய மெழுகுதிரிக் கூடெல்லாம் பொறுக்கித் துப்பரவாக்கணும். உண்மையான வேலை அதுதான், மகள் அதுக்குக் கைகொடுத்தாச் சந்தோசப்படுவாங்க. மெழுகுதிரி ரெண்டு மூண்டு கூடுதலா எடுக்கட்டும்: ஆள் வராத கல்லறையிலயும் ஒண்டு வைக்கிற வழக்கம். ராசோஸ் சேமக்காலை எண்டா மேடும் பள்ளமும், ஈர இலை வழுக்கும். பின்னேரம் அஞ்சோட இருட்டிடும். பிடியுள்ள சப்பாத்து முக்கியம்.

கல்லடி_வாசி:
நன்றி தம்பி. அப்ப படையல்?

தாண்டவன்வெளி_அக்கா:
வேலினெசுக்கு விரதம் இல்லை. நீங்க கேக்கிறதுக்குக் கிட்ட வர்றது டிசம்பர் 24 இரவு, ‘கூச்சியோஸ்’. 12 வகைச் சாப்பாடு. இறைச்சி, பால், முட்டை சேர்க்கமாட்டாங்க, மீன் உண்டு. மேசைத் துணிக்குக் கீழ காஞ்ச புல்லுப் பரப்புவாங்க. பேருக்குக் காரணமான ‘கூச்சியா’ அவிச்ச கோதுமையில கசகசாவும் தேனும் கலந்தது. அந்த வருசம் மோசம்போனவருக்கு ஒரு இடம் விட்டு, வெறுங்கோப்பையும் மெழுகுதிரியும் வைப்பாங்க. மிச்சச் சாப்பாடு விடியுமட்டும் மேசையில அப்படியே இருக்கும், ‘வேலெ’ எண்டு சொல்ற ஆத்துமாக்கள் ராவில வந்து சாப்பிடும் எண்டு.

நம்மட பிள்ளைகள் சாப்பிட்டெழும்பினதும் கோப்பை அள்ளிக் கழுவ ஓடுவாங்க. அண்டைக்கு மட்டும் கைவைக்க வேணாம் எண்டு சொல்லிவையுங்க.