தேதி மறுபடி மறுபடி 2009-க்குப் போகிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை

மோல்மேன் கடை:

வணக்கம். பர்மாவில், மோல்மேன் ஊரில் ஜெராக்ஸ், போட்டோ பிரிண்ட், ஆன்லைன் பாரம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். புத்தகயா யாத்திரை போகிறவர்களுக்கு இந்திய விசா பாரம் நிரப்பித் தருவதுதான் முக்கிய வேலை. கம்ப்யூட்டர் பழையது, விண்டோஸ் 7, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கொஞ்ச நாளாகக் காலையில் போட்டதும் ஜிமெயில், பேஸ்புக், விசா தளம் எதைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கைதான் வருகிறது. மூலையில் தேதி 2009 ஜனவரி என்று நிற்கிறது. மாற்றினால் அன்றைக்குச் சரி, மறுநாள் பழையபடி. 'நேரத்தைத் தானாகச் சரிசெய்' என்பதை அழுத்தினால் முடியாது என்கிறது. குரோமை அழித்து மறுபடி போட்டும் பலன் இல்லை. அதே வைஃபையில் என் போன் ஒழுங்காக ஓடுகிறது. எதைப் பழுது பார்ப்பது?

நெட் கிறுக்கன்:

அக்கா, சுலபமான வழி இருக்கு. குரோம் ஷார்ட்கட்டில் ஒரு வரி சேர்த்தால், தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையே வராது. வேண்டுமானால் அனுப்புகிறேன்.

சிரியம்காரன்:

தம்பி, தயவுசெய்து அதை அனுப்பாதே. அந்த வரியைச் சேர்த்தால் பிரவுசர் எந்தச் சான்றிதழையும் சரிபார்க்காது. யாராவது நடுவில் புகுந்து போலி விசா தளத்தைக் காட்டினாலும் வாயைத் திறக்காது. அக்கா தட்டுவது ஊரார் பாஸ்போர்ட் எண்.

அக்கா, பிரவுசர் மேலும் தப்பில்லை, தளங்கள் மேலும் தப்பில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று பொறித்திருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. ரங்கூனில் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். இந்தப் புகார் வராத வாரம் அபூர்வம்.

எல்லாம் கரண்ட் படுத்தும் பாடு. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருந்தாலும், பவர் சப்ளையிலிருந்து கசியும் துளி மின்சாரமே உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட்டிவிடும். அது போனால்தான் பேட்டரிக்கு வேலை. கரண்ட் போகாத ஊரில் பேட்டரி செத்துக் கிடந்தாலும் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. இங்கே ராத்திரி கரண்ட் போகிறது, கடிகாரமும் பயோஸில் (கம்ப்யூட்டரைத் துவக்கிவைக்கும் உள் மென்பொருளில்) பதிந்திருக்கும் ஆரம்பத் தேதிக்கே போய்விடுகிறது.

ஒவ்வொரு தளத்தின் சான்றிதழிலும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2020 செப்டம்பருக்குப் பிறகு கொடுத்தவை 398 நாளுக்கு மேல் செல்லுபடியானால் பெரிய பிரவுசர்கள் ஏற்பதில்லை. 90 நாளுக்கு மட்டும் வாங்கும் தளங்களே ஏராளம். 2009-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு இவையெல்லாம் இன்னும் பிறக்காத பிள்ளைகள். அதனால்தான் எல்லாத் தளமும் ஒரே மூச்சில் மறுக்கிறது.

அந்த 'தானாகச் சரிசெய்' விஷயம்: வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸ் தானாகத் திருத்தாது, வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு. முதலில் வருஷம், மாதம், நாள், மணி எல்லாவற்றையும் கையால் வையுங்கள், அப்புறம் அழுத்துங்கள். நேர மண்டலத்தையும் பாருங்கள், பட்டியலில் 'யாங்கோன் (ரங்கூன்)' என்றே இருக்கும், உலகப் பொது நேரத்தைவிட 6:30 மணி முன்னால். வெளியிலிருந்து வந்த பெட்டிகளில் பாங்காக் நேரத்தை விட்டுவிட்டு மணியை மட்டும் நம் ஊருக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். சான்றிதழ் கணக்கு உலகப் பொது நேரத்தில் நடப்பது, அதனால் அரை மணி உள்ளுக்குள் தப்பாகவே ஓடும்.

பேட்டரி கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பிளக்கை உருவிவிட்டுப் பக்க மூடியைக் கழற்றுங்கள். ஓரத்துக் கொக்கியைத் தள்ளினால் பழையது எழும்பும். புதியதை எழுத்துள்ள முகம் மேலே வரும்படி வையுங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அது 2023 கதை. விசா வேலைக்கு இந்தப் பெட்டியை நெடுநாள் நம்பாதீர்கள்.

பீலிக்கான் பையன்:

அண்ணே, என் பழைய ஆண்ட்ராய்டு 6 போனிலும் இதே மாதிரி வருது. ஆனால் தேதி சரியா இருக்கு, எல்லாத் தளமும் இல்லை, சிலது மட்டும்தான். 'அத்தாரிட்டி இன்வேலிட்' என்று காட்டுது.

சிரியம்காரன்:

உன்னுடையது வேறு நோய். சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தை உன் போனுக்கு அடையாளம் தெரியவில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்று இலவசமாகச் சான்றிதழ் தரும் அமைப்பு இருக்கிறது, ஏகப்பட்ட தளங்கள் அதைத்தான் வைத்திருக்கின்றன. அது தரும் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான வேர்ச் சான்றிதழின் பெயர் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, ஆண்ட்ராய்டு 7.1.1-இலிருந்துதான் போனோடு வருகிறது. அதற்கு முந்தைய போன்களுக்காக வேறொரு பழைய வேரின் கையெழுத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். 2024 செப்டம்பர் 30-ஓடு அதுவும் முடிந்தது. பயர்பாக்ஸ் பிரவுசர் நம்பத்தக்க வேர்களின் பட்டியலைத் தன்னோடு கொண்டுவரும், போனை நம்பி இருக்காது. உன் போனில் ஏற்கெனவே இருந்தால் அதில் திறந்து பார். எவனோ அனுப்பும் சான்றிதழ் கோப்பை மட்டும் போனில் ஏற்றாதே, பாங்க் செயலி வைத்திருப்பவன் நீ.

மோல்மேன் கடை:

பேட்டரி மாற்றிவிட்டேன் தம்பி. ராத்திரி கரண்ட் போயும் தேதி அப்படியே நிற்கிறது, ஜிமெயிலும் விசா தளமும் திறக்கின்றன. ஒரு பஸ் டிக்கெட் தளம் மட்டும் இன்னும் எச்சரிக்கை காட்டுகிறது.

சிரியம்காரன்:

அதையே போனில், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கேயும் வந்தால் அவர்கள் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருப்பார்கள், போன் பண்ணிச் சொல்லுங்கள். அதுவரை டிக்கெட்டைக் கவுண்டரில் எடுங்கள் அக்கா. போனில் சரியாக இருந்து கம்ப்யூட்டரில் மட்டும் வந்தால், எச்சரிக்கைப் பக்கத்தில் இருக்கும் எழுத்தை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கலாம்.