பரஸ்பர சம்மத விவாகரத்து: செட்டில்மென்ட் பேசி முடித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நிலாமுற்றம்:
டைவர்ஸ் என்றாலே எல்லோரும் கேட்பது "எவ்வளவு வாங்கினே?" என்றுதான். எங்களுக்குத் தொகை சீக்கிரமே முடிவாகிவிட்டது. அதை எப்போது, எந்தக் கட்டத்தில், யார் கையில் கொடுப்பது என்பதில்தான் மாதக்கணக்கில் இழுத்தது. நாங்கள் பிரிந்தது இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான 13பி பிரிவில்.

முதலில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். என் மாமா ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொண்டுவந்தார்: பணம் தவணையில் தரப்படும், நகை திருப்பித் தரப்படும், குழந்தையை அப்பா வந்து பார்க்கலாம். வக்கீல் மேடம் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் நேராக எழுதினார். எந்தத் தேதி? எந்தெந்த நகை? எங்கே வைத்துப் பார்ப்பது? தரலைன்னா? தாள் முழுக்கக் கேள்வி. மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

பேச ஆரம்பிக்கும் முன்பே இருவருடைய வரவு செலவும் தெரிய வேண்டும் என்றார் மேடம். 2020ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அதற்குப் படிவமும் கொடுத்திருக்கிறது. நாங்கள் போட்டது ஜீவனாம்ச வழக்கு இல்லை. இருந்தாலும் அதே படிவத்தை இருவரும் நிரப்பலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீலைச் சம்மதிக்க வைத்தார். சம்பளம், பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட், பர்சனல் லோன் எல்லாம் மேசைக்கு வந்தன. என் சம்பளமும்தான். அதுவரை "அவளுக்கென்ன, கை நிறைய வாங்குறா" என்று பேசிய மாமியார் என் பிடித்தம் போகக் கைக்கு வருவதைப் பார்த்து அமைதியானார்.

நகைக்குத் தனிப் பட்டியல் போட்டோம். கல்யாண ஆல்பத்தை விரித்து, இந்த ஆரம் முகூர்த்தத்தில் போட்டது, இந்த வளையல் ரிசப்ஷனில் என்று படம் படமாகக் குறித்து, பக்கத்தில் எடையும் எழுதினோம். நகையைத் தருவதையே செட்டில்மென்ட் தொகையில் ஒரு பங்காகக் காட்டப் பார்த்தார்கள். மேடம் விடவில்லை. சீதனம், அதாவது கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை, பொருள், மனைவியின் சொந்தச் சொத்து என்று 1985லேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது; என் பொருளை எனக்கே தருவது எப்படிக் கொடையாகும் என்று கேட்டார். லாக்கரைத் திறந்து ஒப்படைக்கும் நாளையும் செட்டில்மென்ட் பத்திரத்திலேயே எழுதினோம்.

சும்மா ஒருத்தன்:
கொடுக்கிற பக்கத்துலேர்ந்து ஒரு குரல் வரட்டும்னு எழுதறேன்.

13பி-ல ஒரு வருஷமாவது பிரிஞ்சிருந்த பிறகுதான் சேர்ந்து மனு போட முடியும். அது முதல் மோஷன், அதாவது ரெண்டு பேரும் கோர்ட்ல சம்மதம் சொல்ற முதல் கட்டம். ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவது மோஷன், அப்புறம்தான் டிகிரி, அதாவது விவாகரத்துத் தீர்ப்பாணை. நடுவுல யார் வேணும்னாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். 1991ல சுரேஷ்தா தேவி வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது இது. எனக்கு இருந்த பயமே அதுதான். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துட்டு, நாலு மாசம் கழிச்சு "மனசு மாறிடுச்சு"ன்னா? அவங்களுக்கு நேரெதிர் பயம். டிகிரியை வாங்கிட்டு நான் காசு கொடுக்காமப் போயிட்டா? ரெண்டும் நியாயமான பயம்தான்.

மீடியேஷன்ல மத்தியஸ்தர் எங்களைத் தனித்தனியா உட்கார வெச்சுப் பேசினார். அங்கே சொல்றது எதையும் பின்னாடி கோர்ட்ல எடுத்துப் பேச முடியாதுங்கறதால, பயத்தை வாய்விட்டுச் சொல்ல முடிஞ்சுது. முடிவுல மூணாப் பிரிச்சோம். சின்னப் பங்கு முதல் மோஷன் அன்னிக்கு. பெரும்பங்கு ரெண்டாவது மோஷன்ல, ஜட்ஜ் முன்னாடி டிடி-யா (வங்கி வரைவோலை). கடைசிப் பங்கு, என் மேலயும் அம்மா மேலயும் இருந்த 498ஏ கேஸ் (மனைவியைக் கொடுமைப்படுத்தினதா பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல போடற கேஸ்) ரத்தாகும்போது. "அவங்க வாபஸ் வாங்கிட்டாப் போதும்"னு நிறையப் பேர் நினைக்கறாங்க. போதாது. நாங்களா சமாதானமாகி முடிச்சுக்கக்கூடிய குற்றம் இல்லை அது. உயர் நீதிமன்றத்துல மனு போட்டு ரத்து பண்ணணும். அதுக்கு அவங்க வந்து ஆட்சேபணை இல்லைன்னு சொல்லணும். அந்த வரி இல்லாமக் கையெழுத்துப் போட்டவங்க ரெண்டு மூணு பேர் இன்னும் அலையறதைப் பார்த்திருக்கேன்.

ஆறு மாசக் காத்திருப்பு பத்தி: 2017 அமர்தீப் சிங் தீர்ப்புக்கப்புறம் கோர்ட் நினைச்சா அதைத் தள்ளுபடி பண்ணலாம். ரொம்ப நாள் பிரிஞ்சிருக்கணும், பணம், குழந்தை எல்லாம் பேசி முடிச்சிருக்கணும். எங்களுக்குக் கிடைச்சுது. எல்லாருக்கும் கிடைக்கும்னு நம்பி இருக்காதீங்க.

நான் முதல்ல பார்த்த வக்கீல் "எதிர் கேஸ் ஒண்ணு போட்டாத்தான் வழிக்கு வருவாங்க சார்"னார். கேஸ் கட்டைத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன்.

மூணாவது மாடி:
வக்கீலுக்குக் காசில்லைன்னு தயங்கறவங்களுக்கு. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச சட்ட உதவி கேட்கப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல எழுதிக் கொடுத்தாப் போதும், 15100-க்குக் கூப்பிட்டும் கேட்கலாம். இலவச வக்கீல்னா ஏனோதானோன்னு இருப்பாங்கன்னு பயமுறுத்தினாங்க. எனக்கு வந்தவர் என் ஃபைலை என்னைவிட நல்லாத் தெரிஞ்சு வெச்சிருந்தார்.

என் வீட்டுக்காரர் பக்கம் வெச்ச பேரம் என்னன்னா, "பையனைப் பார்க்க வரமாட்டேன், அவனுக்குப் பணமும் கேட்காதே." நான் சரின்னு சொல்லுற நிலைமையிலதான் இருந்தேன். அக்கப்போர் ஓய்ஞ்சாப் போதும்னு இருந்துச்சு. வக்கீல் சொன்னார், "உங்க ஜீவனாம்சத்தை நீங்க விடலாம்மா. பையனோடது அவன் உரிமை, அதை விட்டுக்கொடுக்க நீங்க யாரு?" கடைசியில ஸ்கூல் ஃபீஸ் நேரா ஸ்கூலுக்கே கட்டறது, மாசத் தொகை வருஷா வருஷம் கூடறது, லீவுல பாதி நாள் அங்கே, பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துக் கேட்டா மறுக்காமப் போடறதுன்னு எல்லாம் எழுத்துல வந்துச்சு. பார்க்கவே வரமாட்டேன்னவர் இப்போ சனிக்கிழமை தவறாம வர்றார்.

ஈ.எம்.ஐ. கைதி:
யாரும் வீட்டுக்கடனைத் தொடவில்லை, நான் சொல்கிறேன். "இனி கடன் முழுவதும் கணவர் பொறுப்பு" என்று பத்திரத்தில் எழுதினாலும் அது உங்கள் இருவருக்குள் மட்டும்தான். வங்கி அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு இல்லை. இணைக் கடனாளியாக உங்கள் பெயர் இருக்கும்வரை அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் ஸ்கோரும் (கடன் மதிப்பெண்) சேர்ந்து இறங்கும். வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொன்னார்கள். கடனிலிருந்து என் பெயரை நீக்கி வங்கி கடிதம் கொடுத்த பிறகே பதிவு என்று என் வக்கீல் வரிசையை மாற்றி எழுதினார். அவர் ஒருவர் சம்பளத்துக்கு அந்தக் கடன் தாங்குமா என்று வங்கி மறுபடி பார்த்தது, அதற்கு நாளானது. பரவாயில்லை.

நிலாமுற்றம்:
@ஈ.எம்.ஐ. கைதி, நல்லவேளை சொன்னீர்கள். கூடவே இன்ஷூரன்ஸ் நாமினி. டிகிரி வந்ததும் அது தானாக மாறாது, நாம்தான் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். டிகிரி வந்ததும் என்ன காகிதம் வாங்கி வைப்பது என்று இன்பாக்ஸில் ஒரு தோழி கேட்டிருந்தார்: டிகிரியின் சான்றிட்ட நகல் இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை எடுக்க, வங்கிக்கு, மறுமணப் பதிவுக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள்.