வன்னியில் டொரண்ட் ஏன் வேரூன்றவில்லை?

பரந்தன்காரன்:
டொரண்ட் போல, ஆட்களின் கொம்பியூட்டர்களுக்கிடையே நேரே கோப்பு பகிரும் மென்பொருள்களில் எந்த நாட்டில் எது ஓடியது என்று ஒரு வாரமாகத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1999இல் நாப்ஸ்டர் வந்தது, வழக்கில் மாட்டி 2001இல் நின்றது. பிறகு அங்கே காசா, லைம்வயர். ஸ்பெயினும் இத்தாலியும் ஈமியூலை விடாமல் பிடித்துக்கொண்டன. ஜப்பானில் வின்னி, சீனாவில் சுன்லெய். வட இலங்கையில் எங்கள் வன்னியில்? ஒன்றும் இல்லை. உலகமே பகிர்ந்துகொண்டிருந்த பத்து வருடமும் எங்களுக்குச் சண்டையிலும் இடப்பெயர்விலும் போனது. மீள்குடியேறி, கரண்டும் கவரேஜும் வந்தபோது நேரே யூடியூபுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டோம். இப்படி ஒருவரிடமிருந்து ஒருவர் நேரே எடுக்கும் பியர் டு பியர் என்ற கட்டத்தை வன்னி காணவே இல்லை. இதுதான் என் கருத்து.

மல்லாவி டீச்சர்:
இல்லைத் தம்பி, நாங்கள் கண்டோம். 2020இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்த காலம். ஓ.எல். பரீட்சையின் பழைய வினாத்தாள்களை பிடிஎஃப் ஆக்கி வைத்திருந்தேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு டேட்டா போடக் காசில்லை. ஊரடங்கு தளர்ந்த ஒரு நாள் துணுக்காயிலிருந்து ஒரு மாணவன் வந்து, போனிலிருந்து போனுக்கு நேரே அனுப்பும் ஷெயாரிட் ஆப்பில் ஏற்றிக்கொண்டு போனான். அவனிடமிருந்து நாலு பேர், அவர்களிடமிருந்து இன்னும் சிலர். மூன்றாம் நாள் யோகபுரத்துப் பிள்ளை ஒருத்தி போனில் அழைத்து, பத்தாவது கேள்விக்கு விடை கேட்கிறாள். நான் அவளுக்கு அனுப்பவே இல்லை! நடுவில் சேர்வர் இல்லை, டேட்டா இல்லை, ஒரு போன் இன்னொரு போனோடு பேசுகிறது. இதற்குப் பெயர் பியர் டு பியர் இல்லையா?

பரந்தன்காரன்:
டீச்சர், அது கைமாற்று. முன்பு கசெட்டும் சீடியும் கைமாறியது போல. ஈமியூலில் ஒருவன் தேடுபெட்டியில் ஒரு பெயரை அடித்தால், முகம் தெரியாத ஒருவனின் கொம்பியூட்டரிலிருந்து அது வரும். உங்கள் வினாத்தாளை முழங்காவிலில் இருக்கும் ஒரு பிள்ளை தேடி எடுத்திருக்க முடியுமா? பக்கத்தில் வந்து நிற்பவனுக்கு மட்டும் கிடைப்பதை வலையமைப்பு என்று சொல்லமாட்டேன்.

நெடுங்கேணியான்:
நான் வவுனியாவில் நெற்வேர்க் வேலை செய்கிறேன். நீங்கள் இருவரும் ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வயரைப் பற்றிச் சொல்கிறேன்.

வின்னியை எடுங்கள். அது 2002இல் வந்தது. அதற்கு முன் ஜப்பானில் வின்எம்எக்ஸ் ஓடியது. கடைசி இரண்டு எழுத்தையும் ஆங்கில அரிச்சுவடியில் ஒவ்வொரு படி தள்ளினால் வின்னி. ஆட்கள் கேட்காத கோப்புகளின் துண்டுகளைக்கூட அவர்களின் டிஸ்கில் மறைகுறியாக்கி வைத்து, பிறருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அனுப்பும் வேகமும் வேண்டும், மாதக் கட்டணத்துக்கு அளவில்லாத இணைப்பும் வேண்டும். ஜப்பானில் வீடுகளுக்கு ஃபைபர் வெகு முன்னரே வந்தது, அதனால் அங்கே நிலைத்தது.

இங்கே எங்களுக்கு வந்தது சிம். ஜிபிக்கு எண்ணிக் காசு. அதைவிடப் பெரிய சிக்கல் இணைய முகவரி, அதாவது ஐபி. மொபைல் இணைப்பில் உங்கள் போனுக்குத் தனிப் பொது முகவரி கிடைப்பது அரிது, ஆயிரக்கணக்கானோர் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கிறோம். வெளியே கேட்டு எடுக்கலாம், வெளியிலிருந்து ஒருவன் உங்களை எட்டுவது கடினம். மாங்குளத்தில் இருப்பவனும் கனகராயன்குளத்தில் இருப்பவனும் ஒரே கம்பனி சிம் வைத்திருந்தாலும் நேரே கோப்பு மாற்றப் பெரும்பாடு. ஷெயாரிட் ஒரு போனை ஹொட்ஸ்பொட் ஆக்கி இந்தச் சிக்கலைத் தாண்டியது. அதுதான் இங்கே பரவியது. வன்னிக்குப் பொருந்தியதை வன்னி எடுத்தது.

பரந்தன்காரன்:
அண்ணை, வயர் மட்டும் காரணமென்றால் ஸ்பெயினை எப்படி விளக்குவீர்கள்? அங்கேயும் டெலிபோன் வயரில் வரும் ஏடிஎஸ்எல்தான், அனுப்பும் வேகம் மிகக் குறைவு. ஈமியூலில் ஒரு படத்துக்கு நாட்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். ஆனாலும் ஓடியது.

நெடுங்கேணியான்:
சரி, நல்ல கேள்வி. அதற்கும் கட்டணம்தான் விடை. மெதுவான வயர், ஆனால் மாதம் முழுக்கத் திறந்திருக்கும். எவனுக்கு நீ கொடுத்தாயோ, அவனுடைய வரிசையில் உன்னை ஈமியூல் முன்னுக்கு ஏற்றும். அதனால் இரவு முழுக்க மெஷினைப் போட்டு வைப்பது லாபம். இங்கே இரவில் போட்டு வைத்தால் விடியும்போது டேட்டா கார்ட் முடிந்திருக்கும். வழக்கில் மாட்டும் பயமும் இருக்கிறது.

பரந்தன்காரன்:
பயத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வின்னியை எழுதிய இசாமு கனேகோவை 2004இல் பிடித்தார்கள். 2006இல் பதினைந்து லட்சம் யென் அபராதம். 2009இல் மேல்நீதிமன்றம் விடுவித்தது, 2011இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2013இல் மனிதர் இறந்துபோனார், நாற்பத்திரண்டு வயது. ஒரு கருவியை எழுதியதற்காக ஏழு வருடம் அலைய வைத்ததை இப்போது படித்தாலும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மல்லாவி டீச்சர்:
உங்கள் இருவருக்கும் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

என் தகப்பன் முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடியவர். அவர் ஆடிய ஓர் இரவின் வீடியோ எங்களிடம் இருந்தது, 2009இல் வீட்டோடு போய்விட்டது. அதன் பிரதி பாரிஸில் இருக்கும் மச்சானிடம் இருப்பது 2014இல்தான் தெரிந்தது. நாலு ஜிபி. அவர் டொரண்ட் போட்டார். எனக்கு நள்ளிரவுக்குப் பிறகுதான் மலிவான டேட்டா. பாரிஸில் அப்போது இரவு எட்டரை. அவர் பதினொரு மணிக்குப் படுக்கும்போது கொம்பியூட்டரை நிறுத்துவார். ஆக ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். பதினொரு இரவு விழித்திருந்தேன். சதவீதம் ஏற ஏற நெஞ்சு அடித்துக்கொண்டது.

வந்ததும் பென் டிரைவில் போட்டு என் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து போன்களின் மெமரி சிப்பில் ஏறி ஊருக்குள் போனது. ஆகவே பரந்தன் தம்பி, இரண்டும் சேர்ந்தே வேலை செய்தது.

பரந்தன்காரன்:
டீச்சர், அந்த டொரண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

மல்லாவி டீச்சர்:
இல்லை. மச்சான் கொம்பியூட்டர் மாற்றினார். வேறு யாரும் சீட் பண்ணவில்லை, அதாவது தங்கள் மெஷினில் வைத்துப் பிறருக்கு அனுப்பவில்லை.

பரந்தன்காரன்:
நான் சொன்னது இதைத்தான். ஈமியூல்காரர்கள் பகிர்வுக் கோப்புறையை வருடக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பார்கள், யாரும் கேட்காத கோப்பும் அதில் கிடக்கும். சிப்பில் போனதை யாரிடம் போய்த் தேடுவது? உங்கள் ஊரில் ஐம்பது போனில் அந்தக் கூத்து இருந்திருக்கும். கனடாவில் இருக்கும் முள்ளியவளைக்காரருக்கு அது இருப்பதே தெரியாது.

நெடுங்கேணியான்:
இதில் தம்பியோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஆட்களின் பழக்கத்தைக் குறை சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது ஃபைபர் இருக்கிறது, வெளியிலிருந்து எட்டுபவர்களுக்கு ரவுட்டரில் போர்ட் திறக்க முடியும். டீச்சர், அந்த வீடியோ உங்களிடம் இன்னும் இருக்கிறதா?

மல்லாவி டீச்சர்:
பென்னில் இருக்கிறது. கடைசிக் காட்சியில் மட்டும் படம் கொஞ்சம் உடைகிறது.

நெடுங்கேணியான்:
வெள்ளிக்கிழமை மாங்குளத்தில் வேலை இருக்கிறது. அங்கிருந்து மல்லாவிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன், அக்கா.

பரந்தன்காரன்:
அண்ணை, கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஊர், கூத்து, ஆண்டு மூன்றையும் தமிழில் போடுங்கள். நானும் இங்கே சீட் பண்ணுகிறேன்.