சிறிய சமையலறைக்குக் குறைந்த செலவில் மாடுலர் கேபினெட்: ‘எல்’ வடிவமா, எதிரெதிர் மேடையா?

கேள்வி

வணக்கம். எங்கள் சமையலறையில் உள்ள பழைய மேடையையும் திறந்த அலமாரிகளையும் எடுத்துவிட்டு, ஆயத்த அளவுகளில் கிடைக்கும் மாடுலர் கேபினெட்டுகளைப் பொருத்த முடிவு செய்திருக்கிறோம். அறையின் நீளம் 3,000 மி.மீ., அகலம் 2,400 மி.மீ. அகலச் சுவர்களில் ஒன்றின் நடுவே 900 மி.மீ. வாசல் இருக்கிறது, அதன் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். எதிர்ச்சுவரில் ஜன்னல், அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 1,050 மி.மீ. உயரத்தில் உள்ளது. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஜன்னலுக்கு நேர் கீழே வருகின்றன. நீளச் சுவர்கள் இரண்டும் வெறுமையாக இருக்கின்றன.

இரண்டு பேர் வந்து பார்த்து ஆளுக்கொரு வரைபடம் கொடுத்தார்கள். ஒருவர் ‘எல்’ வடிவம் என்கிறார். மற்றவர் நீளச் சுவர்கள் இரண்டிலும் எதிரெதிராக மேடை அமைத்தால்தான் இடம் போதும் என்கிறார். கையிருப்பு குறைவு என்பதால் எதில் சிக்கனம் காட்டலாம், எதில் காட்டக் கூடாது என்பதே என் முதன்மையான கேள்வி. இன்னொன்றும் உண்டு. நின்றபடி கையை மடக்கினால் என் முழங்கை தரையிலிருந்து 960 மி.மீ. உயரத்திலும், என் கணவரின் முழங்கை 1,080 மி.மீ. உயரத்திலும் இருக்கின்றன. இருவரும் சமைப்போம். மேடையின் உயரத்தை யாருக்காக வைப்பது?

மறுமொழி 1

வணக்கம் அம்மா. நான் பல ஆண்டுகளாகக் கேபினெட் பொருத்தும் வேலை செய்பவன். உங்கள் அறைக்கு ‘எல்’ வடிவமே போதும். எதிரெதிராக வைத்தால் 2,400-இல் இரு பக்கமும் 600 போக நடுவில் 1,200 மி.மீ. நடைவெளி கிடைக்கும். ஒருவர் வேலை செய்ய ஏறத்தாழ 1,070 மி.மீ., இருவர் வேலை செய்ய ஏறத்தாழ 1,220 மி.மீ. என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆகவே 1,200 நெருக்கமில்லைதான். ஆனால் மேடையின் நீளம் 6 மீட்டராகிவிடும். பெட்டிகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் கூடும். சிங்க்கும் ஜன்னலடியிலிருந்து பக்கச் சுவருக்குப் போகும். அதன் கழிவுநீர்க் குழாயை நீட்டும்போது மீட்டருக்கு 20 மி.மீ. அளவாவது சரிவு கொடுக்க வேண்டும். சிக்கனத்தை நாடுபவர் இருக்கும் குழாயை இருக்குமிடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

ஜன்னலைப் பார்த்து நின்றால் இடப்புறம் உள்ள நீளச் சுவரையும் ஜன்னல் சுவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலடியில் சிங்க், இடப்பக்கச் சுவரின் நடுப்பகுதியில் அடுப்பு, வலப்பக்கச் சுவரில் வாசலை ஒட்டிக் குளிர்சாதனப் பெட்டி. இம்மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் சுற்றளவு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அந்தச் சுற்றளவு 4 முதல் 7.9 மீட்டருக்குள்ளும், ஒவ்வொரு பக்கமும் 1.2 முதல் 2.7 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது 1940-களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு. உங்கள் அறை அதற்குள் எளிதாக அடங்குகிறது.

மேடையின் உயரத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. காய் நறுக்கும் இடம் முழங்கைக்கு 100 முதல் 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். உங்களுக்கு அது 810 முதல் 860 வரை. உங்கள் கணவருக்கு 930 முதல் 980 வரை. வழக்கமான கீழ்ப்பெட்டியின் உயரம் 720. அதனுடன் 100 மி.மீ. கால்களும் 30 மி.மீ. மேடைப் பலகையும் சேர்ந்தால் 850 ஆகிறது. மேடையை உங்களுக்காக வைத்துவிடுங்கள். அவர் நறுக்கும்போது கால் வைத்த தடிமனான பலகையை மேலே வைத்துக்கொள்ளலாம். தாழ்வான மேடையை உயர்த்திக்கொள்ள வழியுண்டு. உயர்ந்த மேடையைத் தாழ்த்திக்கொள்ள வழியில்லை. பாத்திரம் கழுவுபவர் அவரே என்றால் ஆழம் குறைந்த சிங்க்கைத் தேர்ந்தெடுங்கள். ஏனெனில் கழுவும்போது கை இருப்பது தொட்டியின் அடியில்தான், விளிம்பில் அன்று.

மறுமொழி 2

‘எல்’ வடிவம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அந்த வடிவத்தில் பணம் வீணாகும் இடம் மூலைதான் என்பதை முந்தைய நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். மூலைக்கென்று விற்கப்படும் சுழல்தட்டுகளும் இழுவைத் தட்டுகளும் ஒரு நல்ல டிராயர் பெட்டியைவிட அதிக விலைக்குப் போவதுண்டு. அவை இல்லாமல் வெறும் மூலைப்பெட்டி வைத்தால், உள்ளே போன பாத்திரத்தை எடுக்க மண்டியிட்டுத் தலையை நுழைக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக அந்த மூலைக்குள் ஒரு பெரிய பாத்திரம் கிடக்கிறது. அதை வெளியே எடுத்தது இரண்டே முறை.

ஆகவே மூலையைக் கைவிட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. 600-க்கு 600 சதுரத்தை மூடிவிட்டு, மேடையை மட்டும் அதன்மேல் ஓடவிடுங்கள். ஜன்னல் சுவரில் மூலைக்கு 600, அதையடுத்து இடைவெளியை மூடும் 50 மி.மீ. ஃபில்லர் பட்டை, பிறகு 800 அகலச் சிங்க் பெட்டி, 900 அகல டிராயர் பெட்டி, சுவரோரம் இன்னொரு 50 பட்டை: மொத்தம் 2,400. நீளச் சுவரில் மூலைக்கு 600, பட்டை 50, டிராயர் பெட்டி 900, அடுப்பின் கீழே 600, கதவுப் பெட்டி 800, பட்டை 50: மொத்தம் 3,000. ஐந்தே பெட்டிகள். செலவை உயர்த்துவது அகலத்தைவிடப் பெட்டிகளின் எண்ணிக்கைதான். ஒரே நீளத்தில் 450 அகலப் பெட்டிகள் இரண்டை வைத்தால் பக்கப் பலகைகளும் கீல்களும் கைப்பிடிகளும் இரட்டிப்பாகும். அந்த 50 மி.மீ. பட்டைகளை வீண் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். மூலையில் பட்டை இல்லையென்றால் ஒரு பக்கத்து டிராயரை இழுக்கும்போது மறுபக்கத்துக் கைப்பிடியில் இடிக்கும். சுவரோரம் இல்லையென்றால் டிராயர் முழுதாக வெளியே வராது.

1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் பிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை ஏறத்தாழ 1.9-க்கு 3.4 மீட்டர்தான். பத்தாயிரம் வீடுகளளவில் அதைப் பொருத்தினார்கள். உங்கள் அறையின் பரப்பு அதைவிடச் சற்றுப் பெரியது. எனவே ‘இடம் போதாது’ என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். எந்தப் பொருள் எந்தக் கைக்கு எட்ட வேண்டும் என்பதே கேள்வி.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மூலையைக் கைவிடலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. நேற்று மாலை அறையை மீண்டும் அளந்தோம். ஜன்னல் சுவர் தரைமட்டத்தில் 2,405, மேடை மட்டத்தில் 2,392. நீளச் சுவரின் மிகக் குறைந்த அளவு 2,990. சுவர்கள் நேராக இல்லை என்று தெரிகிறது. இந்த அளவுகளில் ஆயத்தப் பெட்டிகள் பொருந்துமா? பலகையைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். எல்லாவற்றையும் மரத்துகள்களை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் செய்தால் பாதுகாப்பா?

மறுமொழி 3

பொருந்தும். மூன்று உயரங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். உங்கள் 2,392-இல் மூலைக்கு 600, பெட்டிகளுக்கு 1,700 போக 92 எஞ்சுகிறது; பட்டைகள் 50-க்குப் பதிலாக 46 ஆகும். நீளச் சுவரில் இரண்டும் 45. பட்டையை வேலையிடத்தில் அறுத்துக்கொள்வார்கள் என்பதால் பெட்டிகளின் அளவில் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பாருங்கள்: மூலையிலிருந்து ஒரு சுவரில் 900, மற்றதில் 1,200 அளந்து குறித்தால், அவ்விரு குறிகளுக்கும் இடையே சரியாக 1,500 வர வேண்டும். மாறினால் மேடை வெட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பலகையைப் பொறுத்தவரை, பார்ட்டிகிள் போர்டு தன்னளவில் கெட்ட பொருள் அன்று. நீர் புகுந்தால்தான் அது ஊதும். ஊதியது பிறகு சுருங்காது. நீர் புகுவது பெரும்பாலும் வெட்டிய விளிம்பு வழியாகவே. எங்கள் வீட்டில் வேலை செய்தவர்கள் சிங்க்கின் கீழே குழாய்க்காகத் துளையிட்டுவிட்டு அதன் ஓரங்களை அப்படியே விட்டுச் சென்றார்கள். இரண்டாம் ஆண்டிலேயே அடிப்பலகை உப்பிக் கதவு மூடாமல் போயிற்று. மற்றப் பெட்டிகளுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆகவே சிங்க் பெட்டியை மட்டும் நீர் தாங்கும் பிளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள். அடியில் விளிம்பு மடித்த அலுமினியத் தகடு ஒன்றைப் போடுங்கள். குழாய்த் துளைகளின் ஓரங்களைச் சிலிக்கான் கொண்டு அடைக்கச் செய்யுங்கள். மற்ற நான்கு பெட்டிகள் பார்ட்டிகிள் போர்டாக இருக்கலாம். ஆனால் கதவுகளின் நான்கு விளிம்புகளிலும் எட்ஜ் பேண்ட், அதாவது விளிம்பை மூடும் மெல்லிய பட்டை, ஒட்டியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீழ் விளிம்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சிக்கனம் காட்டக் கூடாத இன்னொன்று டிராயர். 900 அகல டிராயரின் அடிப்பலகை மெல்லிய அட்டையாக இருந்தால் கனமான பாத்திரங்களுக்கு நடுவில் தொய்ந்துவிடும், 12 மி.மீ.க்குக் குறையாமல் கேளுங்கள். டிராயர் சறுக்கி ஓடும் சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள். கீல், கதவுக்குள் பதியும் 35 மி.மீ. கிண்ணம் கொண்ட பொதுவகையாக இருந்தால் பின்னாளில் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். இப்போதே எல்லா டிராயர்களுக்கும் பணம் போதாதென்றால், பக்கப் பலகைகளில் 32 மி.மீ. இடைவெளியில் துளை வரிசை உள்ள பெட்டிகளாகப் பார்த்து வாங்குங்கள். இன்று தட்டும் கதவுமாக வைத்துவிட்டு, பிறகு அதே பெட்டியிலேயே டிராயர் பொருத்திக்கொள்ளலாம்.

மேல் கேபினெட்டுகளையும் தள்ளிப்போடலாம். ஆனால் அடுப்புக்கு மேலே புகைபோக்கிக்கான மின்இணைப்பையும், மேடைக்கு மேலே பிளக் இணைப்புகளையும் சுவர் திறந்திருக்கும் இப்போதே முடித்துவிடுங்கள்.

மறுமொழி 1

மேலே சொன்னவை அனைத்தும் சரி. மூலையைப் பற்றி நான் விட்டதும் உண்மைதான். வேலை செய்யும் வரிசையைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். குழாய், மின்சாரம், தரை, சுவர்ப்பூச்சு ஆகியவை முடிந்த பிறகே பெட்டிகள் வர வேண்டும். பெட்டிகளை நிறுத்தும்போது தரையின் மேடான இடத்திலிருந்து தொடங்கி, மற்றவற்றின் கால்களைத் திருகி உயர்த்தி, ரசமட்டம் வைத்துச் சமன் செய்வார்கள். இல்லாவிட்டால் கதவுகளின் மேல்விளிம்புகள் ஒரே கோட்டில் நிற்கா. மேடைக் கல்லையோ பலகையையோ வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே வெட்டிவிட அனுமதிக்காதீர்கள். ஐந்து பெட்டிகளும் ஒன்றோடொன்று திருகப்பட்டு மட்டம் பார்த்து முடிந்தபின், அவற்றின்மேல் நேரில் அளவெடுத்தே வெட்ட வேண்டும். சிங்க்கையும் அடுப்பையும் அப்போது கையோடு வைத்திருங்கள்.