மேல் வீட்டு கேமரா எங்கள் முற்றத்தைப் பார்க்கிறது, என்ன செய்யலாம்?

கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். மேல் வீட்டைக் காட்டேஜாக்கி வாடகைக்கு விடுகிறார்கள். கரடி வருகிறதென்று வேலியோரம் கம்பம் நட்டு கேமரா மாட்டினார்கள், கரடி வருவது உண்மைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் மேலிருந்து பார்ப்பதால் எங்கள் முற்றம், துணிக்கொடி, வெளியே இருக்கும் குளியலறைக் கதவு எல்லாமே அதில் விழுகிறது. அம்மா தலை துவட்டக்கூட வெளியே வருவதில்லை.

அந்த அண்ணனிடம் கேட்டால், "யாரும் பார்க்கறதில்லம்மா, சும்மா பதிவாகுது" என்கிறார். பதிவாவதுதானே பிரச்சினை! யார் யார் போனில் அந்த ஆப் இருக்கிறது, பேச்சும் பதிவாகிறதா என்றால் பதிலே இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சொந்த, வீட்டுத் தேவைக்கு விலக்கு உண்டு. வாடகைக்கு விடும் காட்டேஜுக்கும் அது பொருந்துமா? வக்கீல்கள் யாராவது சொல்லுங்கள்.

அப்புறம், சிசிடிவி மாட்டுபவர்கள் இருந்தால்: பிரைவசி மாஸ்க் போட்டு எங்கள் பக்கத்தை மட்டும் கறுப்புக் கட்டமாக மறைக்கலாமாமே, வைஃபை கேமராவிலும் முடியுமா? பிறகு எடுத்துவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்டேஷனுக்குப் போக மனசில்லை, இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் லைன் ஒன்றுதான். அவரிடம் எழுதிக் கொடுக்கத் தோதாக யாரிடமாவது கடித மாதிரி இருந்தால் அனுப்புங்கள்.