பழைய பாய்மரப் படகில் உக்கிய மரம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஏரிக்கரையான், டொராண்டோ

இதை எங்காவது கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்கு ஆறாது. படகு 30 அடி, எழுபதுகளின் நடுவில் கட்டியது, ஃபைபர்கிளாஸ், டெக் (மேல்தளம்) முழுக்க பால்சா கோர், அதாவது இரண்டு ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவே லேசான பால்சா மரக்கட்டைகள். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

வாங்கும் முன் சர்வே வைத்தேன். சர்வேயர் பிளாஸ்டிக் சுத்தியலால் டெக்கைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டங்', கெட்ட இடத்தில் 'தொப்'. வலப்பக்க ஸ்டான்ஷன் (பாதுகாப்புக் கம்பியைத் தாங்கும் சின்னத் தூண்) அடியில் ஒரு கயிற்றுச் சுருள் கிடந்தது. அதைச் சுற்றி வடிவாகத் தட்டினார். கயிற்றை நகர்த்தவில்லை.

பனிக்காலம் முடிந்து தார்ப்பாயை எடுத்த அன்று அந்த இடத்தில் கால் வைத்தேன். டெக் உள்வாங்கி எழும்பியது. மேல்தோலை வெட்டித் தூக்கினால் பால்சா ஊறிய புட்டு மாதிரிக் கறுப்பாகக் கையோடு வருகிறது. பால்சாவின் நார் செங்குத்தாக நிற்பதால் தண்ணீர் பக்கவாட்டில் பரவாது என்று எல்லோரும் சொல்வார்கள். மரத்துக்குள் பரவாது, சரி. கட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள வெட்டுக்கோட்டில் ரெசின் நிரம்பியிருக்காவிட்டால் அதுவே வாய்க்கால். அப்புறம் எங்கள் ஊர்க் குளிர். தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும், மேல்தோலைக் கோரிலிருந்து பெயர்க்கும், கோடையில் அந்த இடைவெளியில் இன்னும் தண்ணீர் சேரும். ஸ்டான்ஷனில் தொடங்கியது மாஸ்ட் (பாய்மரம்) வரை போயிருந்தது.

வேலையை முடித்துவிட்டேன். உறுத்துவது வேறு. சர்வே அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 'டெக் நல்ல நிலையில் உள்ளது' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு படம். படத்தின் நடுவில் அந்தக் கயிற்றுச் சுருள்.

மழைக்கால மாலுமி, லங்காவி

கயிறாவது கண்ணுக்குத் தெரிந்தது அண்ணா. என்னுடையது வார்னிஷுக்குப் பின்னால் இருந்தது.

செயின்பிளேட்டை (மாஸ்டின் கம்பிகளைப் பிடிக்கும் உலோகப் பட்டை) மெயின் பல்க்ஹெட்டில் (கேபினின் பிளைவுட் குறுக்குச் சுவர்) போல்ட் போட்டு இறுக்கிய ரகம். மாஸ்டை நிமிர்த்திப் பிடிக்கும் ஷ்ரவுட் கம்பியின் இழுப்பு முழுக்க அந்த பிளைவுட்டில்தான் இறங்கும். கேபினிலிருந்து பார்த்தால் தேக்கு வெனீர் பளபளவென்று இருக்கும். மனைவி அதில் பிள்ளைகளின் படம் ஒன்றை மாட்டியிருந்தார்.

பினாங்கிலிருந்து திரும்பும்போது பிற்பகலில் காற்று ஏறியது. படகு நன்றாகச் சாய்ந்து ஓடுகிறது. தேநீர் போடக் கீழே இறங்கினேன். படம் கோணலாக இருந்தது, நிமிர்த்திவிட்டேன். அடுத்த அலையில் மறுபடி கோணல். எரிச்சலோடு கையை வைத்தபோதுதான் தெரிந்தது, பலகையே அசைகிறது. செயின்பிளேட் ஒவ்வொரு அலைக்கும் மேலே ஏறி இறங்குகிறது, போல்ட் தலையைச் சுற்றி வெனீர் சுருங்கி விரிகிறது. மாஸ்ட் தலைக்கு மேல் நிற்கிறது, பிள்ளைகள் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சத்தம் போடாமல் மேலே போய்ப் பாயை இறக்கினேன். இன்ஜினில் வந்து சேர்ந்தோம். கரையில் நட்டைக் கழற்றியதும் போல்ட்டை விரலால் இழுக்க முடிந்தது.

கடல் தண்ணீர் செய்த வேலை இல்லை இது. டெக்கில் செயின்பிளேட் வெளியே வரும் பிளவு வழியாக இறங்கிய மழைத் தண்ணீர். உப்புநீரில் பூஞ்சை சுணங்கிக் கிடக்கும், மழைநீரில் செழிக்கும். புது பிளைவுட் போட்டு, ஓரத்தை ஹல்லோடு (படகின் உடலோடு) ஃபைபர்கிளாஸ் போட்டுப் பிடித்து, டெக் பிளவை பியூட்டைல் டேப்பால் அடைத்தாயிற்று. மனைவியிடம் பலகை அசைந்த கதையை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆகவே நிர்வாகிகள் இந்த இழையை மேலே ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

ஊசி வைத்தியன், கிளாங்

எல்லோரும் ஏன் உடனே டெக்கை வெட்டுகிறீர்கள் என்றே புரியவில்லை. என் காக்பிட் (உட்கார்ந்து படகோட்டும் குழி) தரை மிதித்தால் அமுங்கும். வரிசையாகச் சின்னத் துளை போட்டு, அசிட்டோன் விட்டுக் காயவைத்து, நீர்க்கச் செய்த எபாக்ஸிப் பிசினை ஊசியில் ஏற்றினேன். ஒரு துளையில் ஏற்றியது பக்கத்துத் துளையில் எட்டிப் பார்க்கிற நொடி இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு படகு வாங்கலாம். இப்போது தரை கல். வெட்டவும் இல்லை, ஜெல்கோட் (ஃபைபர்கிளாஸின் வெளிப்பூச்சு) நிறம் பொருந்தவில்லை என்ற அழுகையும் இல்லை.

உளிக்காரர், ஆக்லாந்து

ஊசி வைத்தியனுக்கு. என் படகின் ஹாட்ச் (டெக் திறப்பின் மூடி) சட்டத்தில் முந்தைய உரிமையாளர் இதே வைத்தியம் செய்திருந்தார். உளியை வைத்துத் தட்டினேன். மேலே கால் அங்குலத்துக்கு எபாக்ஸி ஓடு, கீழே ஈரமான கறுப்புத் தூள். தெறித்த சில்லு என் மூக்குக் கண்ணாடியில் போட்ட கீறல் இன்னும் இருக்கிறது. என் கதை அவ்வளவுதான்.

இனி விஷயம். உக்கிய மரம் ஈரமான மரம். அதன் நுண்குழாய்களில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது, எபாக்ஸி எங்கே போகும்? நார் முனை வழியாகக் கொஞ்சம் இறங்கும், பக்கவாட்டில் இறங்கவே இறங்காது. பக்கத்துத் துளையில் எட்டிப் பார்த்தது மரத்துக்குள் ஊடுருவியதற்கு அடையாளமில்லை, அங்கே வெற்றிடம் இருந்ததற்கு அடையாளம். இரண்டாவது, நீர்க்கச் செய்தால் பலம் போகும். வெஸ்ட் சிஸ்டம் தயாரிக்கும் கூஜன் பிரதர்ஸ் நிறுவனமே சொல்கிறது: 5 சதவீதம் லாக்கர் தின்னர் கலந்தால் அழுத்தம் தாங்கும் பலம் 35 சதவீதம் குறையும். விற்கிறவனே கலக்காதே என்கிறான், வாங்குகிற நமக்கு என்ன அவசரம்?

மூன்றாவது, ஈரப்பதம். 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் பூஞ்சை தலையெடுக்காது. 30-ஐ ஒட்டி வந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே முதலில் காயவையுங்கள். வாரக்கணக்கில், ஹீட்டர் வைத்து, கூடாரம் போட்டு. போராக்ஸ் வகை உப்புக் கரைசல் பூசலாம், பூஞ்சை சாகும். ஆனால் மழைநீரில் அது கரைந்து போகும் என்பதால் ஒழுக்கை அடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். கறுப்பு முடிகிற இடத்தோடு வெட்டை நிறுத்தாதீர்கள், பூஞ்சையின் இழை நார் போகும் திசையில் நல்ல மரத்துக்குள்ளும் ஓடியிருக்கும். ஒரு சாண் தாராளமாக எடுங்கள். பலகையை ஒட்டுப்போட்டால், முனைகளைச் சீவும் சரிவின் நீளம் தடிமனைப் போல 8 மடங்கு, மாஸ்ட் என்றால் 12 மடங்கு.

லங்காவிக்காரருக்கும் ஒன்று. கடல் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 1088, அந்த முத்திரை பார்த்து பிளைவுட் வாங்கியிருப்பீர்கள். பசை கொதிநீரிலும் விடாது, உள்ளே ஓட்டை இருக்காது, அதெல்லாம் சரி. ஆனால் ஒகூமே என்றால் அந்த மரமே உக்கலுக்கு எளிதில் வசப்படும். முத்திரை மரத்தை மாற்றாது. விளிம்புகளை எபாக்ஸி பூசி மூடினீர்களா? போல்ட் துளையைப் பெரிதாகக் குடைந்து, கெட்டி எபாக்ஸி நிரப்பி, அதற்குள் மறுபடி துளை போட்டீர்களா? இல்லையென்றால் பத்து வருடத்தில் இங்கேயே மறுபடி எழுதுவீர்கள்.

மழைக்கால மாலுமி, லங்காவி

போட்டேன் சார். பூசினேன் சார்.

ஊசி வைத்தியன், கிளாங்

என் தரை இன்னும் கல்லாகத்தான் இருக்கிறது. காக்பிட் தரை மாஸ்டைத் தாங்கவில்லை, என்னைத்தான் தாங்குகிறது. 35 சதவீதம் குறைந்தாலும் என் எடைக்குப் போதும்.

சோலென்ட் கரை, சவுத்தாம்ப்டன்

நீங்கள் எல்லோரும் பூஞ்சையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒரு வருடம் முழுக்க இல்லாத பூஞ்சையைத் தேடினேன்.

என்னுடையது மரப் படகு, ஃபோக்போட். 1942-இல் ஸ்வீடனில் வரைந்த வடிவம், கிளிங்கர் கட்டு, பலகைமேல் பலகை ஏறி, செம்பு ரிவெட். தண்ணீர் இறங்கும் வெண்கல சீகாக் வால்வைச் சுற்றி உள்பக்கம் மரம் மெத்தென்று ஆனது. கறுக்கவில்லை. காளான் வாடை இல்லை. வெள்ளையாக, ஈரப் பஞ்சாக, நகத்தால் கீறினால் நூல் நூலாக எழும்புகிறது. பூஞ்சைக் கொல்லி அடித்தேன். அடிக்க அடிக்க வட்டம் பெரிதானது.

படகுத்துறையில் ஒரு வயதான தச்சர், பேசவே கூலி கேட்பவர் போல இருப்பார். குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து லிட்மஸ் தாள் ஒன்றை எடுத்து மரத்தில் அழுத்தினார். சிவப்புத் தாள் நீலமானது. 'எத்தனை அனோடு மாட்டியிருக்கிறாய்?' என்று மட்டும் கேட்டார்.

நிறையத்தான். படகோடு வந்ததே நிறைய, எல்லாம் கம்பி போட்டு அந்த வெண்கலத்தோடு இணைத்தபடி. அனோடு என்பது துத்தநாகத் துண்டு. அது கரைந்து வெண்கலத்தைக் காப்பாற்றும்போது வெண்கலத்தின் முகத்தில் காரம் உண்டாகும். பாதுகாப்பு அளவுக்கு மிஞ்சினால் காரமும் மிஞ்சும். அது மரத்தின் நாரைப் பிணைக்கும் லிக்னினைக் கரைக்கும், மிச்சம் நிற்பது வெறும் நார். காகித ஆலையில் மரக்கூழ் காய்ச்சுவது இதே வேதியியல்தான். வெண்கலம் புதிதாக மின்னியது, அதைப் பிடித்துக்கொண்டிருந்த மரம்தான் கூழாகியிருந்தது. இணைப்புக் கம்பியைக் கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரால் கழுவி, கெட்ட பலகையை வெட்டி மாற்றினோம். கரைந்த மரம் காய்ந்தாலும் மீளாது.

இடையே ஒன்று. இங்கிருந்து பக்கம்தான் போர்ட்ஸ்மவுத். 1765-இல் நீரில் இறக்கிய விக்டரி போர்க்கப்பலைச் சாரம் கட்டி மூடி, பலகைகளைக் கழற்றி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே எதிரி பூஞ்சையும் டெத்வாட்ச் வண்டும், வழி மழைத் தண்ணீர். உளிக்காரர் சொன்னதில் அந்த ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். மிச்சத்துக்கு, சார், எல்லா மெத்தென்ற மரமும் உக்கல் இல்லை.

தோணிக்கார வீட்டுப் பையன், தூத்துக்குடி

எபாக்ஸி என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் தோணி இருந்தது. தென்மேற்குக் காற்று எழும்பும் மாதங்களில் தோணிகள் கடலுக்குப் போகாது, அப்போதுதான் கரையில் வேலை நடக்கும். கலப்பத்து அடிக்கிற சத்தம்தான் எங்களுக்குப் பள்ளிக்கூட மணி. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து உளியும் கொட்டாப்புளியுமாக இறக்குவார்கள். நல்ல பலகையில் சத்தம் கணீரென்று வரும்.

ஒரு ஓடாவி (தோணி கட்டும் தச்சர்) இருந்தார், காது மந்தம். அவர் அடிக்கும்போது இடது உள்ளங்கையைப் பலகைமேல் வைத்திருப்பார். ஒருநாள் அடித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். பலகை வெளியே பார்க்க அருமையாக இருக்கிறது. அப்பா, 'என்னண்ணே, நல்ல பலகைதானே' என்கிறார். ஓடாவி பதில் பேசாமல் ஆணித் தலைப் பக்கம் ஒரு நெம்பு நெம்பினார். இரும்பு ஆணி இருக்க வேண்டிய இடத்தில் துருவும் கறுப்புச் சகதியும். பலகை போயிருந்தது ஆணியைச் சுற்றி மட்டும்தான். அந்த வரிசை முழுக்க அப்படி. பலகையைப் பிடித்திருந்தது பெயின்ட்தான் என்று தோன்றியது. அந்தத் தோணி அதற்கு முன்பு மாலத்தீவுக்குச் சரக்கோடு போய் வந்திருந்தது. அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உப்பு மரத்துக்கு நல்லதுதான். அமெரிக்காவில் மரக் கப்பல்களின் விலாக்கட்டைகளுக்கு இடையில் கல் உப்பே கொட்டி வைப்பார்களாம். ஆனால் ஆணியை அது விடாது. அந்தக் கணக்கை யாரும் இங்கே போடவில்லை, அதனால் எழுதினேன்.

ஏரிக்கரையான், டொராண்டோ

தம்பி, தூத்துக்குடி என்றதும் எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பக்கம் எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குளோஸ்டர் வரை பாய் விரித்துப் போய்ச் சேர்ந்தது. அதிலும் எபாக்ஸி இல்லை. ஆனால் அந்த மாலுமிகள் எங்கள் ஏரியில் ஒரு பனிக்காலம் படகைப் போட்டுவைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

உளிக்காரர், ஆக்லாந்து

தோணி அருமை. ஆனால் அதை வருடா வருடம் ஆள் வைத்துக் கலப்பத்து அடித்தார்கள். இங்கே வார இறுதியில் ஒற்றை ஆளாக வேலை செய்கிறவனுக்கு எபாக்ஸிதான் ஓடாவி. சவுத்தாம்ப்டன்காரருக்கு: வினிகரால் கழுவிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவினீர்களா? மரத்தைக் காயவிட்டு எவ்வளவு நாள் கழித்து பெயின்ட் அடித்தீர்கள்? காரம் மிச்சமிருந்தால் எண்ணெய் பெயின்ட் சோப்பாக மாறிக் கழன்றுவரும்.

சோலென்ட் கரை, சவுத்தாம்ப்டன்

கழன்றுதான் வந்தது. கேட்காமலேயே சொல்லிவிட்டீர்கள், ஆனால் ஆறு மாதம் தாமதம்.

ஸ்புரூஸ் மாஸ்ட், சிட்னி

எல்லோரும் டெக்கிலும் ஹல்லிலுமே நிற்கிறீர்கள், மாஸ்ட் பக்கம் யாரும் வரவில்லை. என் படகின் மாஸ்ட் மரம். ஸ்புரூஸ் மரப் பலகைகளை ஒட்டிப் பெட்டியாகச் செய்தது, உள்ளே வெற்றிடம். வார்னிஷ் புதுசு. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன், வேறென்ன.

கம்பிகளை மாற்றுவதற்காக கிரேன் வைத்து மாஸ்டைத் தூக்கினோம். டெக்கை விட்டு அடிப்பாகம் வெளியே வந்ததும் கிரேன்காரர் நிறுத்தச் சொன்னார். மாஸ்டின் அடிக்கட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. ஒழுகியது, ஒழுகியது, நிற்கவே இல்லை. மேலே விளக்குக் கம்பி நுழையும் துளையில் இறங்கிய மழை எல்லாம் உள்ளே குடியிருந்திருக்கிறது. கடைசியில் தண்ணீரோடு அடிக்கட்டையின் ஒரு துண்டும் விழுந்தது, கிரேன்காரரின் பூட்ஸ் மேல். அவர் அதைக் குனிந்து எடுத்து, மிகவும் மரியாதையாக, என் கையில் கொடுத்தார்.

அடியை வெட்டி, 12 மடங்குச் சரிவில் புது ஸ்புரூஸ் ஒட்டினோம். உளிக்காரர் சார், ஆமாம், 12 மடங்குதான், தயவுசெய்து எழுத வேண்டாம். அப்போது ஒன்று தெரிந்தது. கட்டியவர் அடியில் தண்ணீர் வெளியேற ஒரு துளை வைத்திருக்கிறார். பின்னாளில் யாரோ அதை அடைத்திருக்கிறார். சும்மா புட்டி பூசி அல்ல. துளைக்கு அளவாகக் கடைந்த ஸ்புரூஸ் முளை, நார் திசை பார்த்து, மயிரிழை இடைவெளி இல்லாமல், மேலே அதே வார்னிஷ். தேடினாலும் கண்ணில் படாது. அவ்வளவு நல்ல கைகாரர், அந்தத் துளை எதற்கென்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா?