பயிற்றையில் அழுக்கணவன்: குளவி குத்தியும் ஏன் சாகேல்லை?

கேள்வி: கோப்பாய்ப் பக்கம் பயிற்றங்கொடியில கறுத்த அழுக்கணவன் (அசுவினிப் பூச்சி). சின்னக் குளவிகள் அதுகளின்ர உடம்புக்குள்ள முட்டையிடுது, ஆனா குளவிப்புழு உள்ள தின்று செத்த அழுக்கணவனின்ர ஊதிக் காய்ஞ்ச கூடுகள் மிகக் குறைவு. ஏன்?

பதில் 1: அழுக்கணவனின்ர உடம்புக்குள்ள ஹாமில்டோனெல்லா டிஃபென்சா எண்ட பக்டீரியா இருக்கலாம். தாயிட்ட இருந்து குஞ்சுக்கு வரும். உண்மையான காவல்காரன் அந்தப் பக்டீரியாவுக்குள்ள இருக்கிற ஏபிஎஸ்ஈ வைரஸ். அதின்ர நஞ்சுதான் குளவிப்புழுவைக் கொல்லுது. வைரஸ் தொலைஞ்சா காப்பும் போச்சு.

பதில் 2: அண்ணை சொன்னது சரி. ஆனா எல்லாக் குளவியையும் தடுக்காது: இந்த அழுக்கணவன் இனத்தில பினோடொக்சிஸ் எண்ட குளவி தோற்கும், லைசிஃப்லீபஸ் எண்ட குளவி வெல்லும். முதல்ல எறும்பைப் பாருங்கோ, அது குளவியைத் துரத்தும். குளவி குத்தின 50 அழுக்கணவனை இலையோட போத்தலில விட்டு, துணியால மூடி, 10 நாளில கூடுகளை எண்ணுங்கோ. இலை வாடினா மாத்துங்கோ, இல்லாட்டி பட்டினியில செத்துக் கணக்குப் பிழைக்கும்.